லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுக்கப் போகிறீர்களா? எனக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள்

எனக்குத் தையல்தான் தொழில். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூடச் சீருடை. வீட்டுக்காரர் ஓமனில் இருக்கிறார். அப்பா 2019இல் தவறிப்போன பிறகு நானும் அண்ணனும் பாகப் பிரிவினை எழுதிக்கொண்டோம். என் பங்குக்கு ரோட்டோரமாக 18 சென்ட் வந்தது. வாடகைக் கடையை விட்டுவிட்டு அதில் சொந்தமாக ஒரு கடை கட்டலாம் என்று வங்கிக்குப் போனேன். என் பெயரில் தனிப் பட்டா வேண்டும் என்றார்கள். கூட்டுப் பட்டாவைப் பிரிக்க நிலத்தை அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாயும் உட்பிரிவுக் கட்டணம் 400 ரூபாயும் கட்டி 2022 மே மாதம் விண்ணப்பித்தேன். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசு அவ்வளவுதான். ஜூலை முடியும் வரைக்கும் நிலத்தை அளக்க யாரும் வரவில்லை. சர்வேயரை மூன்று தடவை நேரில் பார்த்தேன். மூன்று தடவையும் "பாக்கலாம்மா" என்றார்.

நாலாவது தடவை அவர் பேசவில்லை. நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்க அவரோடு பைக்கில் சுற்றும் பையன் ஒருவன் வெளியே வந்து பேசினான். அரசாங்க வேலையில் இல்லாதவன், ஆனால் அந்த ஆபீஸில் எந்த ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். 10,000 என்றான். நான் யோசித்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சாருக்கு மட்டும் போறதுன்னு நினைக்காதீங்க. மேல வரைக்கும் பிரியும். ரேட்டு நாங்க வச்சதில்ல" என்றான். காய்கறிக்கடையில் பேரம் பேசுகிற மாதிரி நானும் பேசி 8,000க்கு இறக்கினேன். 2,000 முன்பணமும் கொடுத்தேன். இதை மறைக்க மாட்டேன். அன்றைக்கு எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை. ரெண்டாயிரம் குறைத்துவிட்டோம் என்று சந்தோஷம்தான் பட்டேன்.

கோபம் வந்தது இரண்டு நாள் கழித்து. பையன் கடைக்கே வந்துவிட்டான். அளவு கொடுக்க வந்த மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால், "மீதி ஆறு எப்பக்கா? அடுத்த வாரம் தாண்டுச்சுன்னா ஃபைல் அடிக்குப் போயிரும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று கடன்காரியிடம் பேசுவது போலச் சத்தமாகக் கேட்டான். அன்று ராத்திரி ஒரு பட்டு ஜாக்கெட் துணியில் கையைக் குட்டையாக வெட்டிவிட்டேன். பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு தப்பு செய்ததில்லை. அந்தத் துணிக்கு 1,400 ரூபாய் ஈடு கொடுத்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், "ஆறாயிரத்தைக் குடுத்துட்டு வேலையை முடி, வம்பு வேண்டாம்" என்றார். அண்ணனும் அதையேதான் சொன்னான். மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறினேன்.

லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகம் என்றால் காக்கிச் சட்டைகளும் ஜீப்புகளும் நிற்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு சாதாரண வீடு மாதிரி இருந்தது. சாதாரண உடையில் இருந்த இன்ஸ்பெக்டர் மேடம் முதலில் கேட்ட கேள்வி: "ஏற்கெனவே ஏதாவது குடுத்திருக்கீங்களா?" பயத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன். லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று எங்கேயோ படித்த ஞாபகம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "நிஜத்தைச் சொல்லிருங்கம்மா, இல்லைன்னா பின்னாடி கோர்ட்டுல உங்களையே மடக்குவாங்க" என்றார். சொல்லிவிட்டேன். நல்லவேளை. ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தினார்கள். அதன் 8ஆம் பிரிவுப்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீஸுக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்துவிட்டால் அது குற்றம் ஆகாது. நான் போனது நாலாம் நாள். இன்னும் ஒரு வாரம் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும். எனவே இதைப் படிக்கிறவர்களில் யாராவது முன்பணம் கொடுத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால், முதலில் காலண்டரைப் பாருங்கள். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு அதிகாரிகளுக்கு உதவியாகப் பணம் கொடுப்பதற்கும் அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. லஞ்சம் வாங்குகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பொறி வைக்கும் அன்று நாம் கொடுக்கிற பணம் அந்தக் கணக்கில்தான் வரும்.

புகாரை என் கையாலேயே எழுதச் சொன்னார்கள். யார், என்றைக்கு, எந்த இடத்தில், எந்த வார்த்தையில் கேட்டார் என்று எழுத வேண்டும். தேதி சொல்லத் தெரியாமல் நான் திணறிவிட்டேன். கடையின் அளவு நோட்டில் அன்றன்று யார் துணி கொடுத்தார்கள் என்று இருந்ததை வைத்துத்தான் தேதியைப் பிடித்தேன். ஆபீஸுக்கு நடக்கத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே ஒரு சின்ன டைரியில் குறித்து வையுங்கள். இன்னொன்று, புகார் கொடுத்த உடனே அவர்கள் கிளம்பி வந்துவிட மாட்டார்கள். அந்த ஆள் நிஜமாகவே கேட்கிறாரா, நமக்கும் அவருக்கும் முன்பகை ஏதும் இருக்கிறதா என்று ரகசியமாக விசாரிப்பார்கள். என்னைப் பையனுக்குப் போன் செய்யச் சொல்லி, பேச்சைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவால் என் போன் வழக்குச் சாமான் ஆகிவிட்டது. வாடிக்கையாளர்களின் டிசைன் படங்கள், அளவுச் சீட்டுப் படங்கள் எல்லாம் அதில். ஒரு நாள் முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து வைத்திருப்பேன். தீபாவளித் துணிகள் பாதிக்கு மேல் திரும்ப அளவெடுக்க வேண்டியதாகிவிட்டது. பதிவு செய்த போனை விற்கவோ அழிக்கவோ கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் இல்லாவிட்டால் அந்தப் பதிவு கோர்ட்டில் தள்ளாடும்.

பொறிப் பணம் நம்முடையதுதான். இது எனக்குத் தெரியாது, அரசாங்கம் கொடுக்கும் என்று வெறுங்கையோடு போனேன். 6,000 ரூபாயை வட்டிக்கு வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். பன்னிரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் எழுதினார்கள். வேறு அரசுத் துறைகளில் வேலை பார்க்கும் இரண்டு பேரைச் சாட்சிகளாக வரவழைத்திருந்தார்கள். அவர்கள் என் புகாரைப் படித்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்டார்கள். பிறகு மேஜை மேல் ஒரு கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல் வைத்தார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. நோட்டுகளில் பினாப்தலின் என்ற வெள்ளைப் பொடியைத் தடவினார்கள். பூசியிருப்பதே தெரியாது, முகப் பவுடரைவிட லேசு. ஒரு சாட்சி அந்த நோட்டைத் தொட்டுவிட்டு விரலைக் கரைசலில் விட்டார். ரோஸ் கலர். செம்பருத்திப் பூவைக் கசக்கிவிட்ட மாதிரி. அந்தப் பொடியை ஒரு காலத்தில் மலச்சிக்கல் மாத்திரையில் போடுவார்களாம். இதைப் பின்னால் தெரிந்துகொண்டபோது சிரிப்பு வந்தது. அன்றைக்கு வரவில்லை. பெண் போலீஸ் ஒருவர் என் கைப்பையைச் சோதித்து, என்னென்ன இருக்கிறது என்று மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவில், எழுதவைத்து, ஒரு சீப்பையும் பஸ் டிக்கெட்டையும்கூட விடாமல் வெளியே எடுத்துவிட்டு, நோட்டுகளை மட்டும் உள்ளே வைத்தார்.

அங்கே சொல்லிக் கொடுத்ததில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, சர்வேயர் கேட்ட பிறகுதான் பணத்தைத் தொட வேண்டும், நானாக நீட்டக் கூடாது. லஞ்ச வழக்கின் உயிரே அந்தக் கேட்பதில்தான் இருக்கிறது. கேட்டார் என்பது நிரூபணமாகாவிட்டால், கையில் பணம் இருந்தாலும் வழக்கு நிற்காது. இரண்டு, அவர் வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னால், அவர் வாயால் சொன்ன பிறகு அந்த ஆளிடம் கொடுக்கலாம். பணம் கொடுத்ததும் வெளியே வந்து குடையை விரிக்க வேண்டும். அதுதான் சைகை. சாட்சிகளில் ஒருவர் என் சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு கூடவே வருவார், பேச்சைக் காதால் கேட்பார். பாவம், அவருக்கு என்னைவிடப் பயம். ஆட்டோவில் போகும்போதே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டார்.

உள்ளே போனால் சர்வேயர் டிபன் டப்பாவைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "இவரு யாரு?" என்றார். "சித்தப்பாங்க சார், நிலத்துல துணைக்கு நிப்பாரு" என்றேன். குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. கொஞ்ச நேரம் ஃபைலைப் புரட்டினார். அந்த இரண்டு நிமிஷத்தில், இவர் கேட்காமலே இருந்துவிட்டால் நல்லது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எழுந்து ஓடிவிடத் தோன்றியது. அப்போதுதான் தலையைத் தூக்காமலே, "கொண்டு வந்தியாம்மா?" என்றார். "வந்துட்டேங்க சார்." "தம்பிகிட்ட குடுத்துரு. வியாழக்கிழமை வந்து அளந்து தர்றேன்." பையன் வாங்கினான். எச்சில் தொட்டு எண்ணினான், பன்னிரண்டும் சரியாக இருந்தது. சட்டைப் பையில் வைத்தான். சர்வேயர் கை ஒரு நோட்டின் மேலும் படவில்லை.

வெளியே வந்து குடையை அழுத்தினேன், விரியவில்லை. கை வேர்த்திருந்தது, பித்தான் வழுக்கியது. மூன்று தடவை அழுத்தினேன். டீக்கடையில் நின்றிருந்த அதிகாரிகள் என்னையே பார்க்கிறார்கள், சைகை கிடைக்காமல் நகர மாட்டார்கள். கடைசியில் காலில் வைத்துத் தட்டினேன், படாரென்று விரிந்து எதிர்ப்பக்கம் மடங்கிக்கொண்டது. எல்லாரும் ஓடினார்கள். நான் அந்த மடங்கின குடையோடு வெயிலில் நின்றேன். உள்ளே இரண்டு பேர் கையையும் கழுவவைத்தார்கள். பையனின் இரண்டு கையும் சட்டைப் பையும் ரோஸ் ஆயின. சர்வேயரின் கை கழுவிய தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கரைசலைப் பாட்டில்களில் ஊற்றி, சீல் வைத்து, எல்லாருடைய கையெழுத்தும் வாங்கினார்கள். வேலை முடிய ராத்திரி ஒன்பது ஆனது. இரண்டு பேரும் கைதானார்கள். போகிற நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். மதியம் திரும்பிவிடலாம் என்று நினைத்து நான் அதைச் செய்யவில்லை.

இதுவரைக்கும்தான் எல்லாரும் சொல்லுவார்கள். மறுநாள் காலையிலிருந்து நடப்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளூர்ச் செய்தியில் என் பெயரும் ஊரும் வந்துவிட்டது. என் பெயர் வெளியே போக வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பாராட்டினார்கள், மீதிப் பேர் என் முன்னால் எதையும் பேசாமல் போனார்கள். மூன்றாம் நாள் சர்வேயரின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு கடை வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. "உங்களுக்கு ஆறாயிரம் ரூபாய்ங்க. எங்களுக்குக் குடும்பமே போச்சு" என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனால் அந்தச் சின்னப் பெண் குழந்தையின் முகம் மறக்கவில்லை. அதன் பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள். கோர்ட்டில் "ஞாபகம் இல்லை" என்று மட்டும் சொன்னால் போதும், ஒரு லட்சம் தருகிறோம் என்றார்கள். இப்படி யாராவது வந்தால் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே விசாரணை அதிகாரிக்குச் சொல்லுங்கள். மிரட்டல் பெரிதாக இருந்தால், உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது நம் உரிமை. நான் கேட்டு வாங்கி பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

என்னைப் பெரிதாக அடித்தது ஃபைல்தான். பொறி வைத்த அன்றே என் பட்டா ஃபைலை ஆவணமாகக் கைப்பற்றிவிட்டார்கள். அதுதான் நியாயம், அந்த ஃபைலுக்காகத்தானே லஞ்சம். ஆனால் பத்திரத்தின் ஒரிஜினலை அந்த ஃபைலோடு சேர்த்துக் கொடுத்திருந்தது என் மடத்தனம். ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள். எனக்குப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் எடுத்து, புதிதாக விண்ணப்பம் போட வேண்டி வந்தது. பட்டா கைக்கு வந்தது 2023 பிப்ரவரி. புது சர்வேயர் நாற்பது நிமிஷத்தில் அளந்து முடித்தார். அதற்குள் வங்கிக் கடன் தள்ளிப்போய், கம்பிக்கும் செங்கலுக்கும் கொடுத்திருந்த முன்பணத்துக்காக நகையை அடகு வைத்திருந்தேன்.

அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அவருடைய மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும், அதன் பிறகுதான் குற்றப்பத்திரிகை. எனக்குச் சம்மன் வந்தது 2024இல். அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி நான். நாலு தடவை போனேன். இரண்டு தடவை வாய்தா என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை முதல் விசாரணை, நாலாம் தடவை குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் கத்துவார் என்று பயந்திருந்தேன். அவர் மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் கஷ்டம். "என் கட்சிக்காரர் கை நிறம் மாறவில்லை, சரிதானேம்மா?" சரிதான். "பையனுக்கு நீங்கள் கொடுத்தது தையல் மிஷின் வாங்கிய பாக்கி, அப்படித்தானே?" இல்லைங்க. "முன்பணம் 2,000 கொடுத்ததற்கு ரசீது உண்டா?" சிரித்துவிட்டேன். நீதிபதி ஐயாவும் கொஞ்சம் சிரித்த மாதிரிதான் இருந்தது. சீல் வைத்த பாட்டிலைக் காட்டினார்கள். ரோஸ் கலர் மங்கிப்போய் இருந்தது. காரம் அதிகமான கரைசலில் அந்த நிறம் நாளாவட்டத்தில் வெளுக்கும், அதனால்தான் அப்போதே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நிமிஷம் வயிறு கலங்கிவிட்டது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஞாபகம் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். போவதற்கு முன் உங்கள் புகாரை மனசில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நான் "கொண்டு வந்தியாம்மா, தம்பிகிட்ட குடுத்துரு" என்ற இரண்டு வாக்கியத்தை விடவே இல்லை. "சித்தப்பா"வும் அதையே சொன்னாராம். அந்தப் பயந்த மனுஷன் கோர்ட்டில் கொஞ்சமும் தடுமாறவில்லை என்று கேள்விப்பட்டபோது அழுகை வந்தது. புகார்தாரரே முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகிவிட்டாலும் மற்ற சாட்சியங்களால் லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. ஒரு லட்சத்தோடு வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் பேரம் இன்னும் குறைந்திருக்கும். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

கணக்கு சொல்லிவிடுகிறேன். முன்பணம் 2,000, போனது போனதுதான். பொறிப் பணம் 6,000 வழக்கில் இருக்கிறது. அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்க வெட்கப்பட்டு ஒரு வருஷம் கேட்கவே இல்லை. நீங்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள். பட்டு ஜாக்கெட் 1,400. கடை பூட்டிய நாள் பத்தொன்பது, நாளுக்கு 700 என்று வைத்தால் 13,300. பஸ், சாப்பாடு, நகல் செலவு 3,000 சொச்சம். நகை வட்டி 9,200. போன் ஒன்று. பேசாமல் ஆறாயிரத்தைக் கொடுத்திருக்கலாமே என்று வீட்டுக்காரர் இப்போது சொல்வதில்லை. அந்தக் கணக்கை நான் மட்டும் சில ராத்திரிகளில் போட்டுப் பார்ப்பேன்.

போன மாதம் மாமியாரின் வாரிசுச் சான்று விஷயமாக அதே வளாகத்துக்குப் போக வேண்டியிருந்தது. வராண்டாவில் நுழைந்ததுமே ஒருவர் எழுந்து நாற்காலி போட்டார். கேட்ட ஜெராக்ஸ் தாள்களைப் பையிலிருந்து எடுத்து, உள்ளே இருந்த உதவியாளரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டார்.

"மேஜை மேல வைங்கம்மா" என்றார்.